பத்தமடைக்கு வேனா, பள்ளியில் சந்தை நாளா, குளத்தங்கரையா, கரும்பலகையா? ஏழாம் வகுப்புக்கு ஒரு தேர்வு

பள்ளி திறந்ததும் ஆண்டுத் திட்டம் எழுத உட்காருகிறோம். அனுபவத்தின் வழியே கற்பது என்று ஏதாவது ஒன்று அதில் இருந்தே ஆக வேண்டும். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், அம்பாசமுத்திரம் பக்கம் ஆசிரியர்கள் நாலு பேர் இதைப் பற்றிப் பேசினால் நாலு யோசனை வரும். வேன் பிடித்துப் பத்தமடைக்குப் போய்ப் பாய் நெசவைக் காட்டலாம். பள்ளி மைதானத்தில் சந்தை நாள் நடத்தலாம். ஊரில் நடக்கும் நிஜமான வேலை ஒன்றில் பிள்ளைகளைச் சேர்த்துவிடலாம். இல்லையென்றால் எங்கேயும் போகாமல், பாடப் புத்தகத்தையே வைத்துக்கொண்டு, ஒரு கணக்கையோ ஒரு பத்தியையோ பெரியவர்கள் எப்படி யோசித்து அவிழ்க்கிறார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குத் திறந்து காட்டிப் பழக்கலாம்.

நாலையும் செய்ய நேரமும் கிடையாது, பணமும் கிடையாது. என் தேர்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கடைசி வழியை ஆண்டு முழுக்க, ஊர் வேலையை ஆண்டுக்கு ஒரே ஒரு முறை. பத்தமடைப் பயணத்தை ஒரு நிபந்தனையோடு வைத்துக்கொள்ளலாம். சந்தை நாளை விட்டுவிடலாம். உங்கள் பள்ளியின் நிலைமை வேறாக இருந்தால் முடிவும் மாறும், அதனால் காரணங்களை விரிவாகவே எழுதுகிறேன்.

காஜா எடுக்கும் பையன்

சிச்சுவேட்டட் லேர்னிங் (வேலை நடக்கும் இடத்திலேயே அதில் பங்கெடுத்துக் கற்பது), காக்னிட்டிவ் அப்ரண்டிஸ்ஷிப் (தொழில் பழகுவது போல யோசனையைப் பழகுவது) என்ற இரண்டு பெயரும் பி.எட். படித்தவர்களுக்கு நினைவிருக்கும். முதலாவதைப் பற்றி ஜீன் லேவும் எட்டியென் வெங்கரும் 1991இல் எழுதிய புத்தகத்தில் லைபீரியாவின் தையற்காரர்கள் வருகிறார்கள். அங்கே வேலை பழக வரும் பையன் கையில் முதலிலேயே கத்தரிக்கோலைக் கொடுப்பதில்லை. பொத்தான் தைப்பது, ஓரம் மடித்து அடிப்பது என்று கடைசியில் செய்யும் வேலையில்தான் தொடங்குகிறான். அப்புறம் தையல். துணி வெட்டுவது எல்லாவற்றுக்கும் பிறகு. இந்த வரிசையில் ஒரு கணக்கு இருக்கிறது. பொத்தான் கோணினால் பிரித்துத் தைக்கலாம், துணியைத் தப்பாக வெட்டினால் போனது போனதுதான். முடிந்த உடுப்பு எப்படி இருக்க வேண்டும் என்பது முதலிலேயே கண்ணில் பதிந்துவிடுவதால், வெட்டும் நாள் வரும்போது எதற்காக வெட்டுகிறோம் என்று தெரிந்தே வெட்டுகிறான். நம் ஊர்த் தையல் கடைகளில் காஜா எடுக்க உட்கார்ந்த பையன்களும் இப்படித்தான் டெய்லர் ஆனார்கள்.

இரண்டாவது யோசனை 1989இல் ஆலன் காலின்ஸ், ஜான் சீலி பிரவுன், சூசன் நியூமன் மூவரும் எழுதியது. தையல் கடையில் வேலை கண்ணுக்குத் தெரிகிறது, பையன் பார்த்துப் பழகுகிறான். கணக்கிலும் வாசிப்பிலும் வேலை மண்டைக்குள் நடக்கிறது. பிள்ளைகள் பார்ப்பதெல்லாம் கரும்பலகையில் வந்து விழும் விடையை மட்டும்தான். ஆகவே ஆசிரியர் தன் யோசனையை வெளியே கொண்டுவர வேண்டும், பிள்ளைகளும் தங்கள் யோசனையை வெளியே கொண்டுவர வேண்டும் என்றார்கள். செய்து காட்டுவது, பக்கத்தில் இருந்து திருத்துவது, முட்டுக் கொடுத்து மெல்ல மெல்ல எடுத்துவிடுவது, பிள்ளையையே சொல்லவைப்பது, செய்ததைத் திரும்பிப் பார்ப்பது, தானே தேடவிடுவது என்று ஆறு வழிகளைச் சொன்னார்கள்.

இதற்கெல்லாம் என்ன அவசியம் என்று கேட்பவர்களுக்கு பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்கள் பதில் சொல்லும். அங்கே தேங்காயும் பழமும் விற்ற பிள்ளைகளை வைத்து நூனெஸ், கராஹெர், ஷ்லீமன் என்ற ஆய்வாளர்கள் 1985இல் வெளியிட்ட ஆய்வில், வியாபாரத்துக்கு நடுவே கேட்ட கணக்குகளில் 98.2 சதவீதம் சரியாக வந்தது. அதே கணக்குகளைத் தாளில் வெறும் எண்ணாகக் கொடுத்தபோது 36.8 சதவீதம்தான். ஒரு தேங்காய் 35 என்றால் பத்துத் தேங்காய் எவ்வளவு என்று கேட்டதற்கு ஒரு பையன் மூன்று தேங்காய் 105, இன்னும் மூன்று சேர்த்தால் 210 என்று கூட்டிக்கொண்டே போய் 350 சொன்னான். கடைசியில் பூஜ்யம் சேர்க்கும் பள்ளிக்கூட வழியை அவன் நினைக்கவே இல்லை. 2025இல் நேச்சர் இதழில் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு வந்தது. அங்கேயும் இதே கதைதான். மறுபக்கமும் தெரிந்தது: பள்ளிக் கணக்கு போடும் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். ஒரு இடத்தில் கற்றது தானாக இன்னொரு இடத்துக்கு வந்து சேர்வதில்லை. யாராவது கைப்பிடித்துக் கூட்டிவர வேண்டும். நாலு வழிகளையும் நான் எடைபோடுவது இதை மனதில் வைத்துத்தான்.

முதலில் ஒரு சல்லடை

தொழில் பழகும் முறையைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவரப் போகிறேன் என்று தமிழ்நாட்டில் சொன்னால் 1953 உடனே எழுந்து நிற்கும், நிற்கவும் வேண்டும். ராஜாஜி முதல்வராக இருந்தபோது தொடக்கப் பள்ளியில் படிக்கும் நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் வீட்டில் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். மக்கள் அதைக் குலக்கல்வி என்று சரியாகவே அடையாளம் கண்டார்கள். பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் கடுமையாக எதிர்த்தார்கள். 1954இல் ராஜாஜி விலகினார், காமராஜர் முதல்வரானார், திட்டம் கைவிடப்பட்டது.

எழுபது வருஷம் ஆகிவிட்டது என்று இதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. நம் பக்கத்தில் ஒரு வகுப்பில் என்னென்ன வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். காருகுறிச்சிப் பக்கமென்றால் சக்கரம் சுற்றும் வீடு, முக்கூடல் பக்கமென்றால் பீடி சுற்றும் வீடு, திசையன்விளைப் பக்கமென்றால் பனையேறும் வீடு. "உங்க அப்பா பானைதானே செய்றார், நீ வந்து சொல்லு" என்று ஆசிரியர் நல்லெண்ணத்தோடுதான் கூப்பிடுவார். ஆனால் எழுந்து வரும் பிள்ளைக்கு அந்த நிமிடமே வகுப்பு முழுக்க ஒரு சாதிப் பெயர் ஒட்டிவிடும். பீடித் தட்டை மடியில் வைத்திருக்கும் அம்மாவுக்கு உதவிவிட்டு வரும் சிறுமியிடம், ஒரு கட்டுக்கு 25 பீடி என்று பெருக்கல் கணக்குக் கொடுப்பதை எந்தப் பெயரில் செய்தாலும் நான் ஏற்க மாட்டேன்.

ஆக, என் முதல் சல்லடை இது: ஒரு பிள்ளையைப் பெற்றோரின் தொழிலுக்குப் பிரதிநிதியாக நிறுத்தும் எந்த வழியும் வேண்டாம். யோசனை பழக்கும் முறை எனக்குப் பிடித்துப்போனதற்கு இது பெரிய காரணம். அங்கே பிள்ளை பழகுவது கணிதம் தெரிந்தவரின் யோசனையை, நன்றாக வாசிப்பவரின் யோசனையை. நம் வகுப்பில் இருக்கும் பாதிப் பிள்ளைகளின் தாத்தா பாட்டிகளுக்கு அந்த வாசல் அடைத்தே கிடந்தது. பேரப்பிள்ளைகள் அதற்குள் வந்து அப்ரண்டிஸ் ஆகட்டும்.

பத்தமடைப் பயணம்

பத்தமடையின் பாய் சாதாரணப் பொருள் இல்லை. தாமிரபரணிக் கரையில் வளரும் கோரையைக் காயவைத்து, ஓடும் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, நூல் போலக் கிழித்து நெய்கிறார்கள். 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டுப் போல மடியும் நயம் பாய்க்கும் வீட்டுக்கு வாங்கும் சாதாரணப் பாய்க்கும் உள்ள வித்தியாசம், கோரையை எவ்வளவு மெல்லிசாகக் கிழிக்கிறார்கள், பாவு நூலை எவ்வளவு நெருக்கமாகக் கோக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. பிள்ளைகள் இதைப் பார்க்க வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

ஆனால் என்ன பார்க்கிறார்கள்? நாற்பது பிள்ளைகள் ஒரு தறியைச் சுற்றி நிற்கிறார்கள். முன்னால் நிற்கும் ஏழெட்டுப் பேருக்குத் தறி தெரிகிறது, மற்றவர்களுக்கு முதுகு தெரிகிறது. நெய்யும் அக்காவின் கை போய்ப் போய் வருகிறது. எந்தக் கோரையைக் கழித்தார், ஊறியது போதும் என்று எப்படிக் கண்டுகொண்டார், ஓரம் இழுக்காமல் இருக்க எங்கே கையைத் தளர்த்தினார் என்பதெல்லாம் அரை மணி நேரத்தில் தெரியாது. லேவும் வெங்கரும் இதற்கும் ஒரு உதாரணம் வைத்திருக்கிறார்கள். அமெரிக்கப் பேரங்காடிகளில் இறைச்சி வெட்டப் பழக வந்தவர்களைப் பொட்டலம் கட்டும் மெஷினில் நிறுத்திவிட்டார்கள். வெட்டும் இடம் அங்கிருந்து தெரியாது. நிஜமான தொழிற்கூடத்தில் நிஜமான வேலைதான் செய்தார்கள், தொழில் மட்டும் வரவில்லை. நம் மாட்டுச் சந்தைகளில் துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பக்கத்திலேயே நின்று பார்த்தாலும் பேரம் எங்கே நிற்கிறது என்று தெரியாதே, அது மாதிரி. இடம் நிஜமாக இருந்தால் மட்டும் போதாது, யோசனை கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

நிபந்தனை என்றேன் அல்லவா, அது இதுதான். ஒரு வேளைக்குப் பத்துப் பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். கையில் ஒரே ஒரு கேள்வி இருக்கட்டும்: 'இந்தக் கோரையை எடுத்தீங்க, அதை ஏன் எடுக்கலை?' நெய்பவர் வேலையை நிறுத்திப் பதில் சொல்ல வேண்டியிருக்கும், அந்த நேரத்துக்கான கூலியைப் பள்ளி கொடுக்க வேண்டும். காட்சிப் பொருளாக அவரை நடத்திவிட்டு நன்றி சொல்லி வருவது மரியாதை ஆகாது. இத்தனையும் முடியாதென்றால் அந்த வேன் வாடகையை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தை நாள்

இதில் அதிகம் சொல்ல இல்லை. பிள்ளைகள் சந்தோஷமாக இருப்பார்கள், பெற்றோர் வருவார்கள், போட்டோ நன்றாக வரும். ஆனால் பத்து ரூபாய்க் கொத்தமல்லிக்கு மாமா ஐம்பது ரூபாய் கொடுத்துவிட்டு மீதி வேண்டாம் என்று போய்விடுவார். தப்பாகக் கணக்குப் போட்டாலும் யாருக்கும் நஷ்டமில்லை. ரெசிஃபே பிள்ளைகளின் கணக்கு கூர்மையானது அன்றைய சாப்பாடு அதில் இருந்ததால். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏலம் போகும்போது இருக்கிற அழுத்தத்தைப் பள்ளி மைதானத்தில் கொண்டுவர முடியாது, கொண்டுவரவும் கூடாது. ஆண்டு விழாவின் ஒரு பகுதியாக நடத்துங்கள், கணக்குப் பாடத்தின் கணக்கில் எழுத வேண்டாம்.

ஊர் வேலை: குளத்தில் பறவை எண்ணுவது

ஊரில் ஏற்கெனவே நடக்கும், யாருக்கோ உண்மையில் தேவைப்படும் ஒரு வேலையில் பிள்ளைகளுக்கு ஒரு சின்ன இடம் கிடைக்க வேண்டும். நம் பக்கத்தில் அதற்கு அருமையான ஒன்று இருக்கிறது. மணிமுத்தாற்றில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் முன்னின்று, 2011 முதல் ஜனவரி மாதத்தில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பறவை தெரிந்த ஒருவரோடு தெரியாதவர்கள் சேர்ந்து குளம் குளமாகப் போகிறார்கள். புதிதாக வருபவர் தாளைப் பிடித்துக்கொண்டு சொல்லும் எண்ணை எழுதலாம். அப்புறம் நாமக்கோழி மட்டும் எண்ணலாம். பழகப் பழக நத்தை குத்தி நாரைக்கும் சாம்பல் நாரைக்கும் வருவார். காஜாவில் தொடங்கிக் கத்தரிக்கோலுக்கு வரும் அதே வரிசை. எழுதும் எண் அறிக்கைக்குள் போகிறது, அதனால் தப்பாக எழுதினால் அது நிஜமாகவே தப்பு.

கணக்கும் இதற்குள் நிறைய இருக்கிறது. ஒரு கூட்டமாக உட்கார்ந்திருக்கும் வாத்துகளை ஒவ்வொன்றாக எண்ண முடியாது, எண்ணி முடிப்பதற்குள் பாதி எழும்பிவிடும். பத்து வாத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணில் பிடித்துக்கொண்டு, அப்படி எத்தனை பத்து என்று பார்ப்பார்கள். விகிதமும் மதிப்பீடும் அங்கே வயல் வரப்பில் நிற்கின்றன. ஆனால் அது தானாகப் பாடமாகிவிடாது. திங்கட்கிழமை வகுப்பில் அந்தத் தாளை எடுத்து, இரண்டு பேர் ஒரே கூட்டத்துக்கு ஏன் வேறு வேறு எண் எழுதினார்கள் என்று பேசி, புத்தகத்தின் விகிதப் பாடத்தோடு கட்டிவைக்க வேண்டும். கொல்கத்தா ஆய்வின் எச்சரிக்கை இங்கேதான் பயன்படுகிறது.

குறைகள்? சனி, ஞாயிறு போகும். வடகிழக்குப் பருவமழை முடிந்து குளங்கள் தண்ணீரோடு கிடக்கும் மாதம் அது, கரை வழுக்கும். சின்னக் குழு, கூட இரண்டு பெரியவர்கள், தண்ணீரில் இறங்கவே கூடாது என்ற கண்டிப்பு இல்லாமல் போகக் கூடாது. ஆண்டுக்கு ஒன்று என்று நான் நிறுத்துவது இதனால்தான். ஒன்றை முழுசாகச் செய்ய முன்னால் ஒரு மாதப் பழக்கம் வேண்டும், பின்னால் ஒரு வாரப் பேச்சு வேண்டும்.

வகுப்பிலேயே யோசனை பழக்குவது

செலவு கிடையாது, அனுமதி தேவையில்லை. ஆனால் நாலு வழிகளிலும் ஆசிரியருக்குக் கடினமானது இதுதான். ஒரு உதாரணம் பார்க்கலாம்.

நம் பக்கத்துச் செய்தித்தாளில் அணை நீர்மட்டம் வராத நாள் குறைவு. பாபநாசம் அணையின் முழு உயரம் 143 அடி. இன்றைக்கு 71.5 அடி தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். அணையில் எத்தனை சதவீதம் தண்ணீர் இருக்கிறது? வழக்கமாக என்றால் 71.5 கீழே 143 பெருக்கல் 100, விடை 50 என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போவோம். யோசனை பழக்கும் ஆசிரியர் சாக்பீஸைப் பிடித்தபடி இப்படிப் பேசுவார்:

"71.5ஐ ரெண்டு தடவை போட்டா 143. அப்போ பாதி. 50 சதவீதம்னு எழுதிடலாமா? கொஞ்சம் நில்லுங்க. எதுல பாதி? உயரத்துல பாதி. கேள்வி உயரத்தைக் கேக்கலையே, தண்ணியைத்தான் கேக்குது. உயரம் பாதின்னா தண்ணியும் பாதியா? நம்ம மாடித் தொட்டின்னா சரி, மேலயும் கீழயும் ஒரே அகலம். அணை அப்படியா இருக்கு? மலைக்கு நடுவுல இருக்கு, அடியில ஒடுங்கி மேல போகப் போக விரியும். அப்போ அடிப்பாதியில இருக்கிறது பாதித் தண்ணியை விடக் கம்மி. எவ்வளவு கம்மி? இந்த ரெண்டு எண்ணை மட்டும் வச்சு என்னால சொல்ல முடியாது. வேற என்ன தெரியணும்?"

இதில் விடை வரவில்லை. ஆனால் ஒரு கேள்வியை எங்கே சந்தேகிக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும், எது தெரியவில்லை என்று எப்படிச் சொல்ல வேண்டும் என்பது வகுப்பு முழுக்கக் கேட்டுவிட்டது. அடுத்ததைப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம்: மணிமுத்தாறு அணை 118 அடிதான், பாபநாசத்தை விட 25 அடி குறைவு. இரண்டும் பிடிப்பது ஏறக்குறைய ஒரே அளவு, சுமார் 5,500 மில்லியன் கன அடி. எப்படி? இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து ஒருவர் சத்தமாக யோசிக்க, மற்றவர் கேட்க வேண்டும். ஆசிரியர் சுற்றி வரும்போது விடை சரியா என்று பார்க்காமல், அமெரிக்கப் பேராசிரியர் ஆலன் ஷோன்ஃபெல்ட் தன் கல்லூரிக் கணித வகுப்பில் கேட்ட மூன்று கேள்விகளைக் கேட்கலாம்: என்ன செய்கிறாய்? ஏன் செய்கிறாய்? அது உனக்கு எப்படி உதவும்? முதலில் பிள்ளைகள் முழிப்பார்கள். அடுத்த முறையும் இதே கேள்வி வரும் என்று தெரிந்ததும் பதிலைத் தயார் செய்துவைப்பார்கள். அப்படித் தயார் செய்வதற்குப் பெயர்தான் யோசிப்பது.

ஷோன்ஃபெல்ட் இன்னொன்றும் செய்தார். தன் மாணவர்களையே கணக்கு கொண்டுவரச் சொல்லி, முன்தயாரிப்பு இல்லாமல் அவர்கள் முன்னால் போட்டுக் காட்டினார். வழி தவறுவதும் திரும்பி வருவதும் அவர்கள் கண்முன் நடந்தன. கைடு பார்த்து வந்து போடும் கணக்கில் இது இருக்காது. ஆசிரியர் தடுமாறினால் பிள்ளைகள் மதிக்க மாட்டார்கள் என்று பலர் தயங்குகிறார்கள். தடுமாறி வெளியே வரும் வழியைப் பார்க்காத பிள்ளை, தான் தடுமாறும்போது தனக்குக் கணக்கு வராது என்றே முடிவு கட்டிவிடுகிறது. இதைவிட எனக்குக் கவலை தருவது வேறில்லை.

தமிழ்ப் பாடத்துக்கும் இதே மாதிரி ஒரு முறை இருக்கிறது. பாலின்சாரும் ஆன் பிரவுனும் 1984இல் வெளியிட்டது. ஒரு பத்தியை வாசித்ததும் ஒரு கேள்வி கேட்பது, சுருக்கிச் சொல்வது, புரியாததைத் தெளிவுபடுத்துவது, அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது. முதலில் ஆசிரியர் செய்து காட்டுவார், அப்புறம் ஆளுக்கு ஆள் முறை வைத்துப் பிள்ளைகளே வாத்தியார் ஆவார்கள். வாசித்தால் புரியாத பிள்ளைகளைத் தனித்தனியாக வைத்துச் செய்த முன்னோட்ட ஆய்வில், இருபது அமர்வு போல முடிந்ததும் வாசித்துப் புரிந்துகொள்ளும் தேர்வில் அவர்களின் சரியான விடைகள் 15 சதவீதத்திலிருந்து 85 சதவீதத்துக்குப் போயின. ஆறு மாதம் கழித்தும் 60இல் நின்றார்கள், ஒரே ஒரு அமர்வில் மறுபடி 85க்கு வந்தார்கள். நாற்பது பேர் வகுப்பில் அதே எண் வரும் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் செலவில்லாமல் செய்துபார்க்க இதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை.

ஒரு எச்சரிக்கை. தானே தேடட்டும் என்று முதல் நாளே விட்டுவிடக் கூடாது. கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் 2006இல் இதைத்தான் கடுமையாகச் சொன்னார்கள்: புதிதாகக் கற்பவரை வழிகாட்டாமல் விட்டால் மூளைக்குச் சுமைதான் ஏறும். முட்டுக் கொடுப்பதை ஒரு அட்டையில் எழுதிக் கொடுங்கள்: கேட்டது என்ன, கொடுத்தது என்ன, இரண்டும் ஒரே பொருளா, விடை நம்பும்படி இருக்கிறதா. மாதம் போகப் போக ஒவ்வொரு வரியாக அழியுங்கள்.

அப்போ ஆண்டுத் திட்டம்

முதல் பருவத்தில் வாரம் இரண்டு பீரியட், ஆசிரியர் சத்தமாக யோசிப்பது, நேர் எதிர் விகிதப் பாடத்திலேயே தொடங்கலாம். இரண்டாம் பருவத்தில் ஜோடியாகப் பேசுவது, தமிழில் முறை வைத்து வாசிப்பது, ஊர்க் குளத்தில் நாலைந்து பறவைகளைப் பழகுவது. ஜனவரியில் கணக்கெடுப்பு. மூன்றாம் பருவத்தில் சதவீதப் பாடம் வரும்போது அணைக் கணக்கு, அதோடு பிள்ளைகள் கொண்டுவரும் கணக்குகள். மதிப்பெண் எங்கே என்று கேட்பார்கள்: வளரறி மதிப்பீட்டின் செயல்பாட்டுப் பகுதியில், விடைக்குக் கொடுக்காமல் யோசனையைச் சொன்ன விதத்துக்குக் கொடுங்கள்.

உங்கள் பள்ளி பத்தமடையிலேயே இருந்தால் தறி நடந்து போகும் தூரம், பத்துப் பத்துப் பேராகப் போக வேன் வேண்டாம். அங்கே முதல் வழியின் மதிப்பு கூடும், சல்லடை மட்டும் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும், ஏனென்றால் நெய்பவரின் பிள்ளை அந்த வகுப்பிலேயே இருக்கும். ராதாபுரம் பக்கம் மானாவாரி ஊர் என்றால் ஜனவரியில் குளத்தில் தண்ணீர் நிற்குமா என்று நவம்பரிலேயே பாருங்கள். நிற்காதென்றால் கிணற்று நீர்மட்டத்தை மாதாமாதம் அளந்து ஊராட்சிக்கு எழுதிக் கொடுக்கலாம், பெரியவர் ஒருவர் கூட இருந்து, கயிறும் குண்டும் வைத்து. ஒரே ஆசிரியர் மூன்று வகுப்பைப் பார்க்கும் பள்ளி என்றால் இந்த ஆண்டு ஊர் வேலையை விட்டுவிட்டு, முறை வைத்து வாசிப்பதை மட்டும் தொடங்குங்கள், அதற்கு ஆசிரியர் பக்கத்திலேயே நிற்க வேண்டியதில்லை.

கணக்கெடுப்பில் சேர நினைப்பவர்கள் டிசம்பர் தொடக்கத்திலேயே மணிமுத்தாறு மையத்தில் பேசி, பள்ளிக்குப் பக்கத்துக் குளத்துக்கு யார் வருகிறார்கள் என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் ஒப்புதல் கடிதத்தை இரண்டாம் பருவத் தேர்வுக்கு முன்பே வாங்கிவிடுங்கள், பொங்கல் லீவில் யாரையும் பிடிக்க முடியாது.